தூக்காத கை

சென்ற ஆண்டு பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலற்று, ஆதார வைத்தியசாலையொன்றில் ஐந்து கிழமை கிடந்தேன். முதற் கிழமை உயிர் பற்றியது; அதனை வைத்தியர் அறிவர். எஞ்சிய நான்கும் எழுதல், இருத்தல், நடத்தல் பற்றியவை. நோயாளர் அங்கு அறிவதனை வெளியில் நிற்போர் பெரும்பாலும் அறியாராதலின், அவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

விடுதி மாற்றுமுன் தாதியொருவர், "உங்களைப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்போகிறோம்" என்றார். அடுத்த கட்டிலிற் கிடந்த முதியவர், புகையிலைத் தோட்டக்காரர், திடுக்குற்று, "நான் ஒரு இயக்கத்திலும் இருக்கேல்லையே, பிள்ளை" என்றார். 2009 ஆம் ஆண்டின் பின்னர் அச்சொல் நம்மவர்க்கு முன்னாட் போராளிகள் வைக்கப்பட்டிருந்த முகாம்களையே நினைவூட்டுவதாயிற்று. மீள வாழ்தல் என்னும் நற்பொருட் சொல்லுக்கு இக்கதி நேர்ந்தது சொல்லின் குற்றமன்று.

எம் இயன்மருத்துவர் ஓர் இளம்பெண். யான் கட்டிலினின்று எழுகையில் அருகில் நிற்பார், தூக்கமாட்டார். சரிந்தபோதும் இடுப்பில் விரல் வைத்துத் தாங்கினாரேயன்றி இழுத்து நிமிர்த்தினாரல்லர். முதன் மூன்று நாளும் அவர்மீது எனக்கிருந்த சினம் சிறிதன்று. சட்டைத் தெறியொன்றைப் பூட்டக் கால்மணி நேரம் யான் போராட, அவர் கைகட்டிப் பார்த்து நின்றார். இறந்துபட்ட மூளைப்பகுதி மீளாது; ஏனைய பகுதிகள் அதன் தொழிலை ஓரளவு கற்கலாம்; கற்பதற்கு அக்கை தானே பலகால் முயலவேண்டும் எனப் பின்னர் விளக்கினார். மாணாக்கன் கணக்கை ஆசிரியன் செய்துகொடுத்தல் தகாது என முப்பது ஆண்டு சொல்லி வந்தவன் யான். என் தெறியில் அஃது விளங்கச் சில நாள் சென்றது.

ஆயினும் பயிற்சி நாளொன்றுக்கு அரைமணி நேரமே. மற்றைப் பொழுதெல்லாம் காத்திருத்தல். நடைச்சட்டம் ஒன்று, நோயாளர் ஒன்பதின்மர். சனி, ஞாயிறில் அதுவும் சுவரோரம் நிற்கும். திங்களன்று கால் மீண்டும் மரமாயிருக்கும்.

வீடு திரும்பியபின் இதுபற்றி வாசித்தேன். இலண்டனை அடுத்த ஐசில்வேர்த்தில் மார்ஜரி வொரன் என்னும் பெண் வைத்தியர் 1935 இல், ஏழைகள் விடுதியொன்றைச் சார்ந்த நாட்பட்ட நோயாளர் எழுநூற்றுவர்க்கு மேற்பட்டோரைப் பொறுப்பேற்றார். இனி ஆகாதென விடப்பட்டு, நெடுநாட் படுக்கையிற் கிடந்தோர் பலர். ஒவ்வொருவரையும் தனித்தனி ஆராய்ந்து, எழுப்பிப் பயிற்றிப் பலரை வீட்டுக்கு அனுப்பினார். அவர்களைக் கிடத்தியது நோய் மட்டுமன்று, கட்டிலுமாம் எனக் கண்டவர் அவர்.

தோட்டக்காரருக்கோ கட்டிலொடு மகளின் அன்பும் தடையாயிற்று. மூவேளையும் வந்து சோறூட்டுவாள், முகந் துடைப்பாள். அவர் கையசைக்குமுன் செம்பு அவள் கையிலிருக்கும். அதனைக் குறைகூற எவர்க்கு மனம் வரும்? ஒருநாள் இயன்மருத்துவர் அவரருகில் அமர்ந்து, "ஐயா, வீட்டை போனால் முதல் என்ன செய்ய விருப்பம்?" என்று வினவினார். நோவைக் கேட்டவர் பலர். அதுவரை விருப்பம் கேட்டார் இலர். நெடுநேரம் மௌனமாயிருந்து, "கிணற்றடிக்குத் தனியப் போகவேணும், பிள்ளை" என்றார். மகள் முகந் திருப்பி அழுதாள். அன்றுதொட்டு அவர் பயிற்சி முழுதும் அதன்பொருட்டாயிற்று: வாயிற்படி இரண்டும் ஏறி இறங்குதல், குந்திலிருந்து எழுதல், வாளி பிடித்தல்.

இரு மாதங் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றேன். ஊன்றுகோலுடன் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். மகள் துவாயைத் தோளிலிட்டு நாலடி பின்னே நடந்தாள், கைகளிரண்டையும் முதுகிற் கட்டிக்கொண்டு.