இடம் கொடுக்கும் உலோகம்

காலையில் குளிர்ந்து கிடக்கும் மோட்டார்க் காரைக் கிளப்பிய முதல் ஒன்றிரண்டு நிமிஷங்களில் அதன் புகைக்குழாய் கக்கும் வாயு, அதே வண்டி சிறிது தூரம் ஓடிச் சூடேறிய பின்னர் விடுகிற வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு நஞ்சுடையது என்பதையும், இந்த வேற்றுமைக்கு எஞ்சின் மட்டுமின்றி, புகைக்குழாயின் நடுவே பொருத்திய ஒரு டப்பாவினுள் இருக்கும் சில கிராம் உலோகமும் காரணம் என்பதையும் நம்மில் பலர் அறியோம். பெட்ரோல் கார் ஒன்றின் அந்த டப்பாவை அறுத்துப் பார்த்தால், தேனடை போன்ற பீங்கான் கட்டி ஒன்று, சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 கண்களுடன் தென்படும். அக்கண்களின் சுவர்களில் அலுமினா பூசி, அந்தப் பூச்சின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைக் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகப் பதித்திருப்பார்கள். இவற்றுள் பல்லேடியத்தின் சுபாவத்தை மட்டும் இங்கே சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

1802-ல் இங்கிலாந்தின் வொல்லாஸ்டன் இதைக் கண்டறிந்து, அப்போது புதிதாக வானில் தென்பட்ட பல்லாஸ் என்னும் சிறுகோளின் பெயரை இதற்குச் சூட்டினார். 1866-ல் தாமஸ் கிரஹாம், தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை இவ்வுலோகம் தன்னுள் வாங்கிக்கொள்ளும் என்று காட்டினார். ஆயினும் புகையிலுள்ள விஷவாயுவைப் பிராணவாயுவுடன் கூட்டிக் கரியமில வாயுவாக மாற்றும், புகைக்குழாயில் நிகழும் காரியத்துக்கு உலோகத்தின் உட்புறம் முக்கியமன்று. அதன் மேனியில் ஓர் அணு கனமே உள்ள மேற்பரப்புதான் களம்.

உலோகத்தின் உள்ளே உள்ள அணுவுக்கு எல்லாப் பக்கமும் அண்டை அயல் உண்டு. மேற்பரப்பில் உள்ள அணுவுக்கோ மேலே யாரும் இல்லாமையால், அதன் பிணைப்புச் சக்தியில் ஒரு பகுதி பற்றுக்கோடின்றி வெளியை நோக்கி நிற்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அத்தகைய ஒவ்வோர் அணுவின்மீதும் விநாடிக்குப் பல கோடி முறை வாயு மூலக்கூறுகள் வந்து மோதுகின்றன. மோதுபவற்றுள் சில அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு, கார்பன் முனை கீழாகவும் ஆக்ஸிஜன் முனை மேலாகவும் நட்ட குச்சிபோல் முழு மூலக்கூறாகவே அமர்கிறது. பிராணவாயுவோ அப்படி அமைவதில்லை. இரண்டு அணுக்களாகப் பிளந்துதான் நிலைகொள்கிறது, அதற்கு அருகருகே காலியிடம் தேவை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்கள் முந்திக்கொண்டு ஆங்காங்கே இலைகளில் அமர்ந்துவிட்டால், அடுத்தடுத்து இரண்டு இலை வேண்டுமென்று வரும் தம்பதிக்கு இடமே கிடைக்காது. ஆனால் தம்பதிகள் முதலில் அமர்ந்திருந்தாலும் இடையிடையே தனியர் நுழைந்துகொள்ள முடியும். பிராணவாயுவின் அணுக்கள் சற்று விலகி விலகி அமர்வதால், கார்பன் மோனாக்சைடுக்கு அங்கே வழி அடைபடுவதில்லை. இந்த ஒருதலைப்பட்சமே விஷயத்தின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. உலோகம் எரிக்க வேண்டிய விஷவாயுவே பிராணவாயுவின் வழியை அடைத்து நின்று அந்த எரிப்பைத் தடுக்கிறது என்பதை, பிளாட்டினத்தின்மீது நடத்திய ஆராய்ச்சியில் இர்விங் லாங்மியூர் 1922-லேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

பல்லேடியத்தில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெளிவுபடுத்தியவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்ல். 1970-களில் மியூனிக்கில் அவரும் உடனுழைத்தவர்களும், காற்றழுத்தத்தில் பல லட்சம் கோடியில் ஒரு பங்கே எஞ்சும்படி எஃகுக் கலத்தை வெறுமையாக்கி, அதனுள் மாசற்ற பல்லேடியப் படிகம் ஒன்றை வைத்தார்கள். அவ்வளவு வெறுமை இல்லாவிடில், துடைத்த பரப்பு இமைப்பொழுதில் மீண்டும் மூடிக்கொண்டுவிடும். அப்போது அவர்களுக்கு முன்னிருந்த கேள்வி, பறந்துவரும் கார்பன் மோனாக்சைடு அமர்ந்திருக்கும் பிராணவாயு அணுவை அப்படியே கொத்திக்கொண்டு போகிறதா, அல்லது தானும் அமர்ந்து அதன் பக்கத்தில் நகர்ந்து சேர்கிறதா என்பதே. விட்டுவிட்டு வரும் கற்றையாக அவ்வாயுவைப் படிகத்தின்மீது ஏவிப் பார்த்தபோது, பிறக்கும் கரியமில வாயு உடனே வராமல் ஒரு சிறு தாமதத்துடன் வந்தது. அந்தத் தாமதமே விடையாயிற்று: இரண்டும் அமர்ந்த பின்னரே கூடுகின்றன. பிறந்த கரியமில வாயுவுக்கோ உலோகத்திடம் பற்று மிகக் குறைவு. உடனே எழுந்து போய் இடத்தைக் காலிசெய்துவிடுகிறது. எர்ட்லுக்கு 2007-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட அக்டோபர் 10, அவருடைய 71-ஆவது பிறந்த நாளாகவும் அமைந்தது.

இப்படி வினையை நடத்திவைக்கும் கிரியா ஊக்கி என்பது தான் எதிலும் தோயாமல் நின்று பிறவற்றை மாற்றுவது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம், அது சரியன்று. பல்லேடியம் ஒவ்வொரு விருந்தாளியையும் கைப்பிடித்து அமர்த்துகிறது. பிராணவாயுவின் பிணைப்பைத் தானே பிளக்கிறது. இறுதியில் கைவிடவும் தெரிந்திருக்கிறது. கைவிட இயலாத பொருள் வந்து சேர்ந்தாலோ வேலை நின்றுபோகும். பெட்ரோலில் முன்னர்க் கலந்துவந்த ஈயம் அத்தகையது. ஆகவேதான், டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் 1995 ஏப்ரலில் புதிய கார்களுக்கு இந்த டப்பா கட்டாயமானபோது, ஈயமற்ற பெட்ரோலும் அங்கே உடன் வரவேண்டியிருந்தது.

இனிக் குளிர்ந்த எஞ்சினுக்குத் திரும்புவோம். உஷ்ணம் போதாதபோது கார்பன் மோனாக்சைடு பந்தி முழுவதையும் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதே இல்லை. புகை எவ்விதத் தடையுமின்றித் தெருவுக்கு வருகிறது. சுமார் 200 முதல் 300 டிகிரி சென்டிகிரேடுக்குள் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக எழத் தொடங்க, வெற்றிடங்களில் பிராணவாயு பிளந்து அமர, வினையின் வெப்பமே மேலும் இடங்களைத் திறக்க, சிறிது நேரத்துக்குள் டப்பா முழுமையும் பற்றிக்கொள்கிறது. அந்தக் கணம் சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காகவே, வண்டியின் வயிற்றுப்புறத்தில் இருந்த டப்பாவை முன்னே நகர்த்தி எஞ்சினின் புகைவாயை ஒட்டியே பொருத்துகிறார்கள்.