பிணம் தூக்க அழைத்தவர்கள் திட்டம் தீட்டவும் அழைக்கட்டும்

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடற்கரையை ஆழிப்பேரலை அடித்துப்போட்ட பிறகு, சடலங்களை மீட்டுப் புதைக்கத் தமிழகத்தின் பல நகராட்சிகளிலிருந்தும் துப்புரவுப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையின் குப்பையை அள்ளவும் வெளிமாவட்டங்களிலிருந்து அவர்களையே லாரியேற்றினார்கள். பேரிடர் வந்ததும் முதலில் தேடப்படுவது நம் கைகள்தான். ஆனால், அந்த உழைப்பைப் ‘பேரிடர் மேலாண்மை’ என்று யாரும் அழைத்ததில்லை.

இன்று அந்தப் பெயரில் பட்டயம் இருக்கிறது, முதுகலைப் படிப்பு இருக்கிறது, தனிப் படை இருக்கிறது, தனி ஆணையம் இருக்கிறது. பிளஸ் டூவோ கல்லூரியோ முடித்த பிள்ளைகளிடம் ஆசிரியர், போலீஸ், நர்ஸ் என்று நாலைந்து வேலைகளைத்தான் நம் தெருக்களில் பேசுகிறோம். இந்தத் துறையையும் சேர்த்துப் பேச வேண்டிய காலம் இது. சம்பளத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

‘புயலுக்குச் சாதி தெரியாது’ என்பார்கள். புயலுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊரை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்ற அமைப்பைக் கடலூர் மாவட்டத்தில் எங்கு போனாலும் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது காரை வீடும் கூரை வீடும் ஒரே மாதிரியா தாங்கின? 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பாய்ந்து வந்தபோது தாழ்ந்த நிலத்தில் குடியிருந்தவர்கள்தானே முதலில் பாத்திரம் பண்டங்களை இழந்தார்கள்?

2019 டிசம்பர் 2 விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து, பெண்கள், குழந்தைகள் உட்பட 17 தலித்துகள் உறக்கத்திலேயே செத்தார்கள். கணக்கில் அது மழைச் சாவு. ஆனால், சுமார் இருபது அடி உயரத்துக்கு எழுந்து நின்ற சுவரை மழை கட்டவில்லை.

நிவாரணத்திலும் பாகுபாடு உண்டு என்பதை ஆழிப்பேரலைக்குப் பிந்தைய முகாம்களே காட்டின. ஒரே கூரையின் கீழ் தங்க, ஒரே தண்ணீரைக் குடிக்கத் தலித் குடும்பங்களுக்குத் தடை எழுந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. சட்டம் எழுதியாகிவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு முகாமுக்குள் நிற்க ஆள் வேண்டும். அந்த ஆள் நம் பிள்ளையாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

எங்கெல்லாம் இடம் இருக்கிறது? களத்தில் இறங்க விரும்புவோருக்குத் தீயணைப்புத் துறை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் பணியோடு சேர்த்தே தீயணைப்பாளர்களையும் தேர்வு செய்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பட்டியல் சாதியினருக்கு வயது வரம்பில் சலுகையும் உண்டு. அரக்கோணத்தில் இருக்கும் தேசிய பேரிடர் மீட்புப் படைக்கு நேரடியாக விண்ணப்பிப்பது வழக்கமில்லை. மத்திய ஆயுதப் படைகளில் சேர்ந்தவர்களே அங்கு அயற்பணியில் போகிறார்கள். அந்தப் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி தரப்பட்டது. அது வேலை அல்ல. ஆனாலும் வெள்ளத்தில் கயிறு கட்டவும், மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யவும் தெரிந்த ஒருவர் தெருவில் இருப்பது பெரிய காப்பு.

படிக்க விரும்புவோருக்கு, மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதற்கென முதுகலைப் படிப்பு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க, எந்தப் பட்டம் பெற்றவரும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டயம் சேரலாம். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் வேலை தேடி வராது. புவியியல், சிவில், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், கணினி வழி வரைபடம் என ஏதாவது ஓர் அடிப்படைப் படிப்போடு சேரும்போதுதான் இதற்கு மதிப்பு. கடன் வாங்கித் தனியார் நிறுவனத்தில் சேர்க்குமுன், அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பொருந்துமா என்று ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கதவை நாம் கவனிப்பதே இல்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் நோட்டோடு வருபவர் கிராம நிர்வாக அலுவலர். எந்தக் குடிசை முழுச் சேதம், எது பகுதிச் சேதம் என்று முதலில் எழுதுவது அவர் பேனா. பயிர்ச்சேதத் தொகை அடங்கலில் பெயர் உள்ளவருக்குப் போகிறது. அந்த வயலில் நடவு நட்டவள் இழந்த கூலிக்கு அந்தக் கணக்கில் வரிசையே கிடையாது. இதை உள்ளே இருந்து எழுப்ப வருவாய்த் துறையில் ஆள் தேவை. குரூப் 4 தேர்வு எழுதும் தம்பி தங்கைகள் தங்களையும் பேரிடர் மேலாண்மைக்குள் நுழைபவர்களாகவே நினைத்துக்கொள்ளலாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பயிற்சி என்ற பெயரில் மறுபடியும் நம்மைத் தண்ணீருக்குள் மட்டும் இறக்கிவிட்டு, வரைபடமும் பட்டியலும் வேறு மேசையில் தயாரானால் 2004க்கும் இன்றைக்கும் சீருடைதான் வித்தியாசம். களப்பணியை நாம் தாழ்வாக எண்ணவில்லை. களத்தில் நிற்பவருக்கு மேசையிலும் ஒரு நாற்காலி கேட்கிறோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு காலனியிலும் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வேலை செய்யலாம். மாவட்ட பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை எடுத்து, பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளின் பட்டியலில் தங்கள் தெரு இருக்கிறதா, ஒதுக்கப்பட்ட பாதுகாப்பு மையம் எது, அங்கே எல்லோரும் தடையின்றி நுழைய முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால் மனு எழுதி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். 1077 என்ற கட்டுப்பாட்டு அறை எண்ணை வீட்டுக்கு வீடு எழுதி ஒட்டுங்கள். இந்தத் துறையின் முதல் பாடம் அதுதான். அதைப் படிக்கக் கட்டணம் கிடையாது.