ஃபேஸ்வாஷ்: டியூபின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் வேப்பிலை, எலுமிச்சை, கரி என்று படம் போட்ட ஃபேஸ்வாஷ்கள். மயிலாப்பூர் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் நலங்கு மாவுக்கான சரக்குகள். அடையாறு மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டோடு போனால் நுரையே வராத லோஷன். விலையில் பல மடங்கு வித்தியாசம். எல்லாம் முகம் கழுவத்தான். அப்புறம் எதை வாங்கறது?

படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் பாருங்க. அளவில் அதிகமானது முதலில், குறைவானது பின்னால் என்பதுதான் வரிசை. 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை மட்டும் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். முதலில் ‘அக்வா’ என்று இருக்கும். வேறொன்றுமில்லை, தண்ணீர்தான். அடுத்த மூன்று நான்கு பெயர்களில்தான் கழுவும் வேலையைச் செய்யும் பொருள் இருக்கும். டியூபின் முன்பக்கம் முழுக்கப் படர்ந்திருந்த வேப்பிலை, பெரும்பாலும் கடைசி வரிகளில் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆயுர்வேத உரிமத்தில் வருபவற்றில் மூலிகைகளைத் தனியாக முன்னால் போட்டிருப்பார்கள். அங்கே கழுவும் சரக்கு ‘பேஸ்’ என்ற ஒரே சொல்லில் ஒளிந்திருக்கலாம்.

டியூபுக்குள் சோப்பு

மிரிஸ்டிக் ஆசிட், ஸ்டியரிக் ஆசிட் ஆகியவற்றோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் பட்டியலில் இருந்தால், க்ரீம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது சோப்புதான். நுரை கெட்டியாக வரும். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கும். நிறைய பேர் அதைத்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். தோலைக் காக்கும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து போய்விட்டது என்பதுதான் அதன் அர்த்தம்.

நம் தோலின் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியது, லேசான அமிலத்தன்மை. சோப்போ 9, 10 என்று காரப் பக்கம். 2021 ஜனவரியில் செபாமெட் இந்த எண்களை வைத்தே லக்ஸ், பியர்ஸ், டவ் சோப்புகளோடு தன்னை ஒப்பிட்டு விளம்பரம் செய்தது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பீட்டை அனுமதித்த நீதிமன்றம், துணி துவைக்கும் ரின் சோப்போடு ஒப்பிடுவதை மட்டும் தடுத்தது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: போர் தண்ணி. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளைக் கசடாகத் திரியும். பக்கெட்டில் படிகிற அதே கசடு முகத்திலும் படியும். கோகமிடோப்ரோபைல் பீட்டெய்ன், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட், பெயர் ‘குளுக்கோசைடு’ என்று முடிபவை போன்ற சோப்பு அல்லாத சரக்குகளில் இந்தத் தொல்லை குறைவு, தோலுக்கும் மென்மை. சோடியம் லாரில் சல்ஃபேட்டும் சோப்பு இல்லைதான், ஆனால் முரடு. அது புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஆதாரம் இல்லை. எரிச்சல் தரும் என்பது நிஜம். வறண்ட தோல்காரர்கள் தவிர்ப்பது நல்லது.

நலங்கு மாவு?

பாசிப்பயறு மாவு எண்ணெயை உறிஞ்சும். சோப்பு இல்லாததால் உப்புத் தண்ணீரிலும் திரியாது. ஆனால் நைசாகச் சலிக்காவிட்டால் பருவைக் கீறிவிடும். ஈரக் கை பட்ட டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். கஸ்தூரி மஞ்சள் என்று பளீர் மஞ்சளாக ஒரு பொடியைக் கொடுத்தால் சந்தேகப்படுங்க. அசல் சரக்கு வெளிறிய நிறத்தில், கற்பூர வாசனையோடு இருக்கும்.

முகத்தை வெளுப்பாக்கும் என்ற வைட்டமின் சி வகையறாக்களுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். அரை நிமிஷத்தில் வாஷ்பேசினுக்குப் போகிற பொருள் என்ன செய்துவிடும்? பரு உள்ளவர்களுக்கு சாலிசிலிக் ஆசிட் ஓரளவு உதவும், எண்ணெயில் கரைந்து துளைக்குள் போகக்கூடியது. கிளிசரின் முன்வரிசையில் இருந்தால் நல்லது. அலர்ஜி வருகிறவர்கள் ‘ஃப்ரேக்ரன்ஸ்’, ‘பர்ஃப்யூம்’ இல்லாததைத் தேடுங்க.

எதை வாங்கினாலும் முதல் சில நாள் முன்கையின் உள்பக்கத்தில் போட்டுக் கழுவிப் பாருங்க. பரு வலித்துத் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டால், அடுத்த டியூப் வாங்கும் காசில் தோல் டாக்டரைப் பார்த்துவிடலாம்.