குகைக்கும் தேய்மானம் உண்டு

அண்மையில் ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில் உள்ள பெலும் குகைகளைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கண்ணுக்கு எட்டிய தொலைவுக்குச் சமவெளியும் வயல்களும்தான். அதன் நடுவே அருகருகே கிணறுகளைப் போன்ற பள்ளங்கள். அவற்றுள் ஒன்றில் படிகளில் இறங்கினால், பூமிக்கு அடியில் வேறோர் உலகம் விரிகிறது.

இதன் மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வரைதான் பயணிகள் செல்ல முடியும். இந்தியாவின் சமவெளிப் பகுதியில் மிக நீளமான குகை இது என்கின்றனர். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான், 1884-இல் இக்குகையைப் பற்றியும் பதிவு செய்தவர். ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிறகு, 1982-83-இல், டேனியல் கெபாவர் தலைமையிலான ஜெர்மானியக் குழு உள்ளே சென்று விரிவாக ஆராய்ந்தது. 2002-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

உள்ளே நிலவும் வெப்பமும் ஈரப்பதமும் சிறிது நேரத்திலேயே சட்டையை நனைத்துவிடுகின்றன. ஓரிடத்தில் கூரையிலிருந்து கல் விழுதுவிட்டுத் தொங்குகிறது. தெலுங்கில் அதற்கு விழுதுவிட்ட ஆலமரம் என்று பொருள்படும் பெயர். மிக ஆழமான இடம் பாதாள கங்கை. தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே, நீரோடை ஒன்று பாறைக்குள் மறைந்துபோகிறது.

சப்தஸ்வர குகை எனப்படும் பகுதியில் கல்விழுதுகளைத் தட்டினால் இனிய ஒலி எழும். எனக்கு முன்னே சென்றவர் தட்டினார், நானும் தட்டினேன், எனக்குப் பின்னால் வந்த மாணவர்களும் வரிசையாகத் தட்டினர். கையை எடுத்தபோது விரல்நுனியில் ஈரம் இருந்தது. நெடுங்காலம் பொருளியல் கற்பித்த எனக்கு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த ஈரம்தான் குகையின் சிற்பி. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. குகையின் கூரையில் துளியாகத் தொங்கும்போது வாயு வெளியேறிவிட, சுமந்துவந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. இவ்வாறு கல்விழுது ஓராண்டில் வளர்வது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 10 சென்டிமீட்டர் வளர ஆயிரம் ஆண்டுகள் ஆகும். நம் விரலின் எண்ணெய்ப் பசை அதில் ஒட்டிக்கொண்டால், புதிய சுண்ணாம்பு படிவது தடைப்படும். கல்லின் நிறமும் மங்கும்.

தொடாமல் வந்தால் மட்டும் போதுமா? நாம் விடும் மூச்சு கரியமில வாயுவையும் ஈரத்தையும் கூட்டுகிறது. நம் உடலே வெப்பம் தருகிறது. சூரிய ஒளியே காணாத பாறையில் மின்விளக்கின் ஒளி படும் இடங்களில் பச்சைப் பாசி படர்கிறது. பிரான்ஸ் நாட்டின் லாஸ்கோ குகை இதற்குச் சான்று. பல்லாயிரம் ஆண்டுகள் அழியாதிருந்த அதன் ஓவியங்கள் 1940-இல் கண்டறியப்பட்டன. 1948-இல் பயணிகள் அனுமதிக்கப்பட்டனர். நாளொன்றுக்குச் சுமார் 1,200 பேர் வந்தனர். மூச்சுக்காற்றும் பாசியும் ஓவியங்களைச் சிதைக்கத் தொடங்கவே, 1963-இல் குகை மூடப்பட்டது. 15 ஆண்டு வேடிக்கை, பல்லாயிரம் ஆண்டுச் செல்வத்துக்கு உலை வைத்துவிட்டது.

ஒரு தொழிற்சாலை தன் வரவு செலவுக் கணக்கில் இயந்திரத்தின் தேய்மானத்தைக் கழித்த பிறகே இலாபத்தைக் காட்டுகிறது. சுற்றுலாக் குகையின் கணக்கிலோ பொதுவாக நுழைவுக் கட்டணம் வரவாகிறது. மின்சாரமும் ஊதியமும் செலவாகின்றன. குகையின் தேய்மானத்துக்கு அங்கே இடமில்லை. தேய்ந்த இயந்திரத்துக்குப் பதிலாகப் புதியது வாங்கலாம். உடைந்த கல்விழுதை எந்தச் சந்தையில் வாங்குவது? ஒரு பயணி விளைவிக்கும் கேடு மிகச் சிறியது என்பதால் எவரும் பொறுப்பேற்பதில்லை. அந்தச் சிறு கேடுகளின் கூட்டுத்தொகையைத்தான் குகை சுமக்கிறது.

அதற்காகக் குகையைப் பூட்டிவிட வேண்டும் என்பதில்லை. சுற்றுலாத் தலமாவதற்கு முன் பெலும் குகை, கழிவுகளைக் கொட்டும் பள்ளமாகவே பயன்பட்டது. மக்கள் காண வந்ததால்தான் அது காப்பாற்றப்பட்டது. மேலும், வறட்சி மிகுந்த ராயலசீமைப் பகுதியில் சுற்றுலா சிலருக்கேனும் வாழ்வளிக்கிறது. நம் சமையலறை மேடைகளில் பதிந்துள்ள கடப்பா கல்லும் இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான். சிமெண்டுக்கு மூலப்பொருளும் சுண்ணாம்புப் பாறையே. பலகையாகவும் மூட்டையாகவும் விலைபோகும் கல்லை, நின்ற இடத்திலேயே நின்று வருவாய் தர வைப்பது சுற்றுலா ஒன்றுதான்.

ஆகவே தேவை தடையன்று, அளவு. ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர் என்று வரம்பு வகுத்து, நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வழங்கலாம். வெப்பம் குறைந்த விளக்குகளை, ஆட்கள் கடக்கும்போது மட்டும் எரிய விடலாம். கட்டணத்தின் ஒரு பகுதியைத் தேய்மான நிதியாக ஒதுக்கி, குகையின் காற்றையும் நீரையும் தொடர்ந்து அளக்கலாம். குகைக்கு மேலே உள்ள நிலத்தையும் காக்க வேண்டும். அங்கே இடப்படும் உரமும் வைக்கப்படும் வெடியும் கீழே விழும் துளியைத்தான் பாதிக்கும்.

இவற்றால் கட்டணம் சற்று உயரலாம். விடுமுறை நாளில் சிலர் திரும்பிச் செல்ல நேரலாம். மாணவர்களுக்குச் சலுகை அளித்து அச்சுமையைக் குறைக்க முடியும். ஆனால், இன்று வருவோரின் வசதிக்காக நாளை வருவோரின் உரிமையைச் செலவிட நமக்கு அதிகாரமில்லை.

அரசின் விதிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அக்குகைக்குச் சென்றால் என் கைகள் சட்டைப்பைக்குள்தான் இருக்கும். கல்லின் இசையைக் கேட்காவிட்டாலும், துளி விழும் ஓசையைக் கேட்டுத் திரும்பலாம்.