செக் வால்வு பூட்டல்ல

இரணைமடு போன்ற பெருங்குளங்களின் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுக் காணிகளில் கிணறுதான் கதி. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைப்பது அதிலிருந்துதான். உலை வைக்க அள்ளுவதும் பல வீடுகளில் அதிலிருந்துதான். இடம்பெயர்ந்து அயலவர் காணியில் தோட்டம் செய்வோரும், 2009க்குப் பின் மீளக்குடியேறியோரும் ஒரே கிணற்றைப் பங்கிட்டுக்கொள்வதுண்டு. அங்கே ஒருவர் கவனம் தவறினால் நாலு வீட்டுக் குடிநீர் கெடும்.

நீரை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் அடைப்பானே செக் வால்வு. உள்ளே ஒரு மடலோ குண்டோ இருக்கும். முன்னே பாயும் நீர் அதைத் திறக்கும். திரும்பி வரும் நீர் அதை மூடும். கிணற்றுக் குழாயின் அடியில் நாம் பூட்டும் புட்வால்வும் இந்த இனந்தான்.

அது முற்றாக மூடுமா? மாலையில் நிறுத்திய இயந்திரத்துக்குக் காலையில் தண்ணீர் வார்த்து இறைக்க வேண்டி வருகிறதல்லவா? குழாயில் நின்ற நீர் இரவோடு இரவாகக் கசிந்து கிணற்றுக்கே இறங்கிவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஒரு மணல், ஒரு சருகு, தேய்ந்த றப்பர் போதும். மேலும், திரும்பி வரும் நீரின் அழுத்தம் குறைவாக இருந்தால் மடல் இறுக அமராது. எமது தோட்டக் குழாய்களில் அழுத்தம் குறைவுதான்.

பெரிய ஆலைகளிலும் இதே கதைதான். 1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், மூடாமல் சிக்கியிருந்த ஒரு செக் வால்வினூடாக நீர் காற்றுக் குழாய்க்குள் புகுந்தது. அதனால் நீர் செலுத்தும் பம்புகள் நின்றன. பின்னர் வேறு பழுதுகளும் தவறுகளும் சேர, அணு உலையின் ஒரு பகுதி உருகியது. இதனாற்றான், ஆட்கள் கைவைக்கும் குழாயை அடைக்கச் செக் வால்வை மட்டும் நம்பக் கூடாது என்பது ஆலைகளில் பொதுவிதி. அதற்குக் கைபிடி இல்லை, பூட்டவும் முடியாது, மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தறியவும் முடியாது.

நாம் செய்ய வேண்டியவை இவை:

மருந்து கலக்கும் பரலுக்குள் குழாய் முனையை அமிழ்த்த வேண்டாம். இயந்திரம் நின்று, புட்வால்வும் கசிந்தால், பரலில் உள்ள மருந்து அக்குழாய் வழியே கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். குழாய் முனை பரலின் விளிம்புக்கு மேலே, குழாய் வாயகலத்தின் இரு மடங்கு உயரத்திலாவது நிற்கட்டும். அந்த வெற்றிடத்தைத் தாண்டி எந்த நஞ்சும் திரும்பி ஏறாது. மருந்து கலப்பதையும் பரல் கழுவுவதையும் கிணற்றடியில் செய்யாமல் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் குழாயைத் திருத்தும்போது கேற் வால்வைக் கையால் மூடுங்கள். பின் கீழேயுள்ள பைப்பைத் திறந்து, நீர் உண்மையாகவே நின்றதா என்று பாருங்கள். மோட்டர் பூட்டிய குழாயானால் மின்சாரத்தையும் நிறுத்தி, வேறொருவர் போட்டுவிடாதபடி ஒருவரைக் காவல் வையுங்கள்.

செக் வால்வைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. இயந்திரத்தில் நீர் நிற்க அது வேண்டும். இறைப்புக் காலம் தொடங்குமுன் புட்வால்வைத் தூக்கிக் கழுவி, றப்பரைப் பாருங்கள். ஆனால் பிள்ளைகள் குடிக்கும் நீருக்கு அதை மட்டும் காவலாக வைக்காதீர்கள்.