மூளையும் ஈமானும்: கணிப்பொறி காட்டுவது எது?

கல்லூரியில் பயிலும் மைந்தன் ஒரு நாள் உங்களிடம் வந்து, "அத்தா, தொழுகையில் கிடைக்கும் மன அமைதியெல்லாம் மூளை நரம்புகளின் வேலைதானாமே! கணிப்பொறியிலேயே அதைச் செய்து காட்டிவிட்டார்களாமே!" என்று வினவுவானாயின், என்ன விடை பகர்வீர்கள்? சினந்து அவன் வாயை அடைப்பது விடையாகாது. வாளாவிருப்பதும் தகாது. உண்மை என்னவென்று முதலில் விசாரித்தறிவோம்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்தை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள், கணவாயின் நரம்பை ஆராய்ந்து, 1952ஆம் ஆண்டில் கணிதச் சூத்திரங்களாக எழுதினர். அத்தகைய சூத்திரங்களைக் கணிப்பொறியில் கோத்து மூளையின் மாதிரியை எழுப்பலாம் என்பது கருத்து. கருத்து எளிது, காரியம் அன்று. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் 2005இல் தொடங்கிய 'நீல மூளை'த் திட்டத்தார் பத்தாண்டு உழைத்து 2015இல் வெளியிட்டது, எலி மூளையில் கடுகினும் சிறிய ஒரு துணுக்கின் மாதிரியே. அதில் சுமார் 31,000 நரம்பணுக்கள். 302 நரம்பணுக்களே உடைய ஒரு சிறு புழுவின் நரம்பு வரைபடம் 1986இலேயே வெளியாயிற்று. அப்புழுவை முழுமையாகக் கணிப்பொறியில் எழுப்பும் பணி இன்னும் நிறைவுறவில்லை. ஈமானைச் செய்து காட்டிவிட்டனர் என்பது வெறும் பேச்சு.

ஆயினும் தொழுவோரின் மூளையைப் படமெடுத்தது மெய். அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர், ஒன்றித் தொழும் சில முஸ்லிம்களின் மூளையில் இரத்த ஓட்டத்தை அளந்து, முன்பகுதியில் அது குறைவதாக 2015இல் எழுதினர். இதனால் தொழுகை வெறும் இரத்த ஓட்டம் என்றாகிவிடுமா? பஞ்சு நெருப்பைத் தொடுகையில் எரிகிறது. நாம் காண்பது நெருப்போடு எரிதலையே அன்றி நெருப்பால் எரிதலை அன்று என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வாதிட்டார்கள். அவர்கள் மறைந்தது 1111இல். மூளைப் படத்திற்கும் அவ்வாதம் பொருந்தும். உடன் நிகழ்வதைப் படம் காட்டும். எது எதற்குக் காரணம் என்பதை அது தானாகச் சொல்லாது.

இனி, நம் சிந்தனைக்கு அதிகம் உரியது வேறொரு மாதிரி. அது நரம்பணுக்களை விட்டு, மனிதரையே கணிப்பொறிக்குள் பாவைகளாக அமைக்கிறது. பாஸ்டனின் வெஸ்லி வைல்ட்மன், நார்வேயின் லெரான் ஷல்ட்ஸ் முதலிய அறிஞர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இரு சமயக் கூட்டங்கள் உள்ளன. ஆபத்து வந்தால் பாவைகள் அஞ்சும். அஞ்சியவை தம் கூட்டத்தாரோடு சேர்ந்து வழிபட்டுத் தேறும். இங்கே கவனியுங்கள்: அச்சம் வழிபாட்டை நாடும் என்ற விதியை எழுதியவர்கள் ஆய்வாளர்களே. எனவே, பக்தி அச்சத்தில் பிறந்தது என்பதற்கு இம்மாதிரியைச் சான்று காட்டுதல், தாமே பெட்டியில் வைத்த பொருளைத் தாமே கண்டெடுத்து வியப்பது போன்றது. நிய்யத் அங்கே எண்ணாகக்கூட இல்லை.

ஆனால் அவர்கள் தேடிய வினா வேறு: இரு கூட்டங்களுக்கிடையே பகைமை எப்போது ஏறிக்கொண்டே போகும்? கூட்டங்களின் அளவு ஏறக்குறைய நிகராக இருந்து, எதிர்த்தரப்பாரை அடிக்கடி எதிர்ப்பட்டு, அவரை ஆபத்தாகவே கருதும் நிலையில்தான் பதற்றம் நீண்டு வளர்கிறது என்றது மாதிரி. வட அயர்லாந்தின் முப்பதாண்டுப் பூசலையும் 2002ஆம் ஆண்டின் குஜராத் கலவரத்தையும் அவர்கள் ஒப்புநோக்கினர். குஜராத்தில் உற்றாரை இழந்தவருக்குக் கணிப்பொறி வந்து சொல்ல வேண்டியதில்லை என்பீர்கள், நியாயமே. எனினும் அந்த விடையில் ஒரு சொல் உற்று நோக்கத்தக்கது. சந்திப்பு மட்டும் பகையை வளர்ப்பதாக மாதிரி கூறவில்லை. சந்திப்பவரை ஆபத்தாகக் கருதும்போதே அது வளர்கிறது. அண்டை வீட்டாரை நம் பிள்ளைகள் எவ்வாறு கருத வேண்டும் என்பதை எந்த ஆய்வாளரும் நிர்ணயிப்பதில்லை. அது நம் வீட்டுத் திண்ணையில், அவர்கள் காது கேட்க நாம் பேசும் பேச்சில் தொடங்குகிறது.