உங்களுக்குத் தெரியுமா? கடலோரமாகப் பறக்கும் கணக்கு

புதுச்சேரியின் நெல்லித்தோப்புக்கு வடக்கே சில கிலோமீட்டரில் லாஸ்பேட்டை விமான நிலையம். ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர். செஸ்னா 172 போன்ற சிறு விமானத்துக்குத் தாராளம்.

அங்கிருந்து கரையோரமாகச் சென்னை நோக்கிப் பறந்தால் கழுவேலி ஏரி, மரக்காணம் உப்பளங்கள், இடிந்த ஆலம்பரைக் கோட்டை, பாலாற்று முகத்துவாரம் என ஒவ்வொன்றாகக் கீழே விரியும். இவ்வளவு அழகு சாலைவழிப் பயணத்தில் கிடைக்காது. ஆனால் பாலாற்றைத் தாண்டி நேர்கோடு போட முடியாது. கல்பாக்கம் அணுமின் வளாகத்தின் மேல் பறக்கத் தடை. மாமல்லபுரத்தைக் காண அதைச் சுற்றித்தான் போக வேண்டும். பயணத் திட்டத்தை முன்கூட்டியே பதிந்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும்.

ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு உயரம்தான் உயிர். 300 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நேரத்தில் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான் மிதந்து செல்லலாம். கரை அதற்குள் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் கழுவேலிக்கு வலசைப் பறவைகள் திரளும். அவற்றுக்காகவும் உயரமாகவே பறப்பது நல்லது.

வெயில் ஏறினால் கடற்காற்று கிளம்பிக் கரையோரம் குலுக்கல் கூடும். அதனால் அதிகாலையே உகந்த நேரம்.